அயற்கோயில் வாயிலில் நான் கற்ற பாடம்

(நவராத்திரி விழாவையொட்டி நம் ஆலய மண்டபத்தில் நடைபெற்ற சொற்பொழிவு வரிசையில், கலைமகள் வழிபாட்டு மாலையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கலைமகளுக்கு உரிய இந்த நன்னாளில், புத்தர் கோயில்களைப் பற்றிப் பேசவிருக்கிறேன் என்று நான் சொன்னபோது, செயலாளர் அவர்கள் ஒரு கணம் என் முகத்தை உற்று நோக்கினார். அம்மன் சந்நிதியில் நின்று அயற்கோயிலைப் பற்றிப் பேசுவதா என்னும் ஐயம் அவருக்கு எழுந்திருக்கலாம். உங்களிற் சிலருக்கும் எழலாம். அந்த ஐயம் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. அது எவ்வாறு நீங்கியது, நீங்கிய பின்னும் எது எஞ்சி நிற்கிறது என்பதை மறைக்காமல் எடுத்துரைப்பதே இன்றைய உரையின் நோக்கம்.

நான் நாகப்பட்டினத்திற் பிறந்தவன். நீலாயதாட்சி அம்மன் ஆலயத்து மணியோசை கேட்டு வளர்ந்தவன். ஊரில் பதினோர் ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றிய பின், 1993ஆம் ஆண்டில் சிங்கப்பூர் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கும் வாய்ப்புப் பெற்று இங்கு வந்தேன். மூன்றாண்டு ஒப்பந்தம் என்று வந்தவன், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டு உப்பை உண்டு வாழ்கிறேன்.

வந்த புதிதில் என் உலகம் மிகச் சிறியது. காலையில் பள்ளி, மாலையில் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் ஆலயம் அல்லது சீனிவாசப் பெருமாள் ஆலயம், இரவில் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடை, பின்னர் வாடகை அறை. பிறந்த மண்ணைப் பிரிந்து வந்த ஒருவனுக்குக் கோயில் என்பது வழிபடும் இடம் மட்டுமன்று; அது ஊர். கற்பூர மணமும் நாதசுரமும் விபூதியும் சேர்ந்து, நான் இன்னும் நாகையில்தான் இருக்கிறேன் என்ற மயக்கத்தை எனக்குத் தந்தன. அந்த மயக்கத்தை நான் விரும்பினேன். அதனாலேயே, பெருமாள் ஆலயத்திலிருந்து சில நிமிட நடைத் தொலைவில், ரேஸ் கோர்ஸ் சாலையில் எதிரெதிரே நிற்கும் இரு பௌத்த ஆலயங்களை நாள்தோறும் கடந்து சென்றும், ஒரு நாளேனும் உள்ளே நுழைந்தேனல்லேன்.

இரண்டாம் ஆண்டிற் பள்ளியில் மணிமேகலைக் கதையைக் கற்பித்துக் கொண்டிருந்தேன். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியை ஏந்தி, பசித்தவர் அனைவர்க்கும் உணவளித்த அந்த இளநங்கையின் கதையைச் சொல்லும்போது எந்த வகுப்பும் அமைதியாகிவிடும். அன்றும் அப்படித்தான் ஆயிற்று. அப்போது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, நீங்கள் புத்தர் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே எப்படிக் கும்பிடுவார்கள்?" என்று கேட்டாள்.

நான் விடையின்றி நின்றேன். தமிழின் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான பௌத்தக் காப்பியத்தை நாகையிலும் இங்குமாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். தேர்வுக்கு வினாத்தாள் தயாரித்திருக்கிறேன். மும்மணி யாவை என்று கேட்டால் புத்தம், தருமம், சங்கம் என்று ஒப்பிப்பேன். ஆனால் அந்த நெறியைப் பின்பற்றும் ஒரு மனிதர் எவ்வாறு தலை வணங்குகிறார் என்பதை நான் கண்டதே இல்லை. "போனதில்லை அம்மா, போய் வந்து சொல்கிறேன்" என்று மட்டும் கூறினேன். மாணவர் முன் ஆசிரியன் சொல்லும் சொல் கடன்பத்திரத்திற்கு நிகர், தீர்த்தே ஆகவேண்டும்.

அந்த வாரச் சனிக்கிழமையே ரேஸ் கோர்ஸ் சாலைக்குச் சென்றேன். குதிரைப் பந்தயத் திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்கு இடம்பெயர்ந்துவிட்டாலும், சாலை அப்பெயரை இன்னும் சுமந்து நிற்கிறது. அங்குள்ள சாக்கியமுனி புத்தகயா ஆலயத்தைத் தாய்லாந்து நாட்டுத் துறவி வுத்திசாரர் 1927இல் நிறுவினார். 15 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்ட புத்தர் திருவுருவம் அங்கே அமர்ந்திருக்கிறது. அதனைச் சூழ ஒளிரும் விளக்குகளால் "ஆயிரம் விளக்கு ஆலயம்" என்றே மக்கள் அதனை அழைப்பர். சிவனொளிபாத மலையிலுள்ள திருவடிச் சுவட்டின் மாதிரி ஒன்றும் அங்கே வணங்கப்படுகிறது. நாம் சிவனொளிபாதம் என்று போற்றும் அதே மலைச் சுவட்டை அவர்கள் புத்தர் திருவடி என்று போற்றுகிறார்கள்.

வாயிலிற் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே சென்ற எனக்கு, கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. நம் ஆலயத்திற் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனைச் சீட்டு நீட்டிப் பழகிய கைகள் அவை. அங்கே என் பெயரைக் கேட்பார் எவருமில்லை. தீபாராதனையும் இல்லை. ஒரு முதியவர் மூன்று ஊதுபத்திகளை நெற்றிக்கு நேரே உயர்த்தி, மும்முறை தாழ்ந்து வணங்கி, ஓரமாக அமர்ந்து கண்மூடிக்கொண்டார். நானும் அவர்போல் அமர்ந்தேன். எழுந்து சுற்றி வந்தபோது, அங்குள்ள பிற திருவுருவங்களிடையே நம் விநாயகப் பெருமானைக் கண்டேன். வேற்றூர்த் திருமண வீட்டில் தயங்கி நிற்பவனை உறவினர் ஒருவர் அடையாளம் கண்டு அழைத்தது போன்ற உணர்வு அப்போது எனக்கு உண்டாயிற்று.

சாலையைக் கடந்து எதிரே உள்ள லியோங் சான் ஆலயத்திற்குச் சென்றேன். 1917ஆம் ஆண்டில் தோன்றிய அந்த ஆலயத்தின் முதன்மைத் தெய்வம் குவான் இம் அம்மையார். சீன மக்கள் கருணையின் வடிவாக வணங்கும் திருமகள் அவர். அதே ஆலயத்திற் பேராசான் கன்பூசியசுக்கும் ஒரு பீடம் உண்டு. பிள்ளைகள் நன்கு படிக்கவேண்டும் என்று பெற்றோர் அவர்களை அங்கே அழைத்து வருவர். நான் சென்றது தேர்வுக் காலம். ஒரு தாய், தன் மகனின் தோளை மெல்ல அழுத்தி வணங்கச் செய்துகொண்டிருந்தார். பையனின் சட்டைப் பையில் எழுதுகோல் ஒன்று செருகியிருந்தது. நம் ஆலயத்தில் இன்று காலை சரசுவதியின் திருமுன் எத்தனை எழுதுகோல்களை வைத்து எடுத்தோம்! அந்தத் தாயின் முகத்திற் கண்ட கவலை, என் மாணவர்தம் அன்னையர் முகத்தில் ஆண்டுதோறும் நான் காணும் அதே கவலைதான். இந்த ஆலயம் வழிபாட்டோடு நின்றுவிடவில்லை. 1954இல் மீ தோ பள்ளி என்னும் கல்விச்சாலையையும் தோற்றுவித்தது. அப்பள்ளி வேறோர் இடத்தில் இன்றும் நடைபெறுகிறது.

திங்கட்கிழமை வகுப்பிற்குச் சென்று, கண்டதையெல்லாம் மகிழ்ச்சியோடு விவரித்தேன். "குவான் இம் என்னும் சீனப் பெண்தெய்வத்தையும் கண்டேன்" என்று முடித்தபோது, அதே மாணவி மீண்டும் கையை உயர்த்தினாள். "ஐயா, எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி அப்படிச் சொல்லமாட்டார். குவான் இம் உங்கள் நாட்டிலிருந்து, தென்கடல் பக்கமிருந்து வந்தவர் என்றுதான் எங்களிடம் சொல்வார்" என்றாள். அவர்கள் வசித்த வீவக அடுக்குமாடியில் அடுத்த வீட்டிலிருந்த சீன மூதாட்டியைப் பற்றித்தான் அவள் கூறினாள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

அன்பர்களே! எழுதப் படிக்கத் தெரியாத அந்த மூதாட்டி, முதுகலைத் தமிழ் படித்த எனக்குப் பாடம் எடுத்தார். நூலகத்திற்குச் சென்று தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. குவான் இம் என்பது, அவலோகிதேசுவரர் என்னும் போதிசத்துவருக்குச் சீன மக்கள் வழங்கிய பெயர். உலகத்தின் குரலைக் கேட்பவர் என்பது அதன் கருத்து. இந்தியாவில் ஆண் வடிவில் வணங்கப்பட்ட அவலோகிதர், சீனத்திற் காலப்போக்கில் தாய் வடிவம் பெற்றார். துன்புறுவோரின் குரலுக்குச் செவிசாய்ப்பவரைத் தாயாகக் காண்பது மனித உள்ளத்திற்கு இயல்புதானே! மாரியம்மனையும் காளியம்மனையும் அம்மா என்றழைத்து அழும் நமக்கு இதனை எவரும் விளக்கவேண்டியதில்லை.

அவலோகிதர் என்ற பெயரைக் கண்டதும் என் நெஞ்சு துணுக்குற்றது. அந்தப் பெயரை நான் முன்பே அறிவேன்! வீரராசேந்திர சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டிற் புத்தமித்திரனார் என்னும் பௌத்தர் வீரசோழியம் என்னும் தமிழ் இலக்கண நூலை இயற்றினார். சந்தியும் வேற்றுமையும் கற்க நாங்கள் புரட்டிய நூல் அது. அதன் பாயிரத்தில் ஆசிரியர் ஒரு செய்தியைக் கூறுகிறார்: அகத்திய முனிவர் அவலோகிதரிடம் கேட்டறிந்தே தமிழை உலகிற்கு உரைத்தார் என்பதே அச்செய்தி. தேர்விற்கு வராது என்று நான் விரைந்து கடந்துபோன பாடல் அது. சிவபெருமானும் முருகப்பெருமானும் அகத்தியர்க்குத் தமிழ் அறிவுறுத்தினர் என்பது நம் சைவ மரபு. தமிழ்ப் பௌத்தரோ தாம் வணங்கிய அவலோகிதரைத் தமிழாசிரியராகக் கொண்டனர். மரபுகள் இரண்டாயினும், தமிழ் தெய்வத்தின் வாய்மொழி என்ற நம்பிக்கை ஒன்றே.

இன்னொன்றும் அறிந்தேன். 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவிற்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அவலோகிதர் உறையும் போதலகம் என்னும் மலை தென்னாட்டிலே மலைய மலையின் பக்கம் உள்ளதாக எழுதிவைத்தார். அது நம் பொதிகையே எனக் கருதும் ஆய்வாளரும் உளர். சீனத்தின் கிழக்குக் கடலில் குவான் இம் அம்மையாரின் புகழ்பெற்ற யாத்திரைத் தலமாக விளங்கும் பூத்தோ மலைத்தீவு, அந்தப் போதலகத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. தென்கடல் பக்கமிருந்து வந்தவர் என்று அந்த மூதாட்டி சொன்னதன் பின்னே ஆயிரம் ஆண்டு நினைவு இருந்தது. அவர் அதனை மறக்கவில்லை, நாம்தான் மறந்தோம்.

அடுத்த விடுமுறை நாளில் வாட்டர்லூ ஸ்திரீட்டிற்குச் சென்றேன். அங்கே 1870இல் ஓர் ஆலமரத்தடியில் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயமும், 1884இல் நிறுவப்பெற்ற குவான் இம் தோங் ஹூட் சோ ஆலயமும் அண்டை வீடுகள் போல் நிற்கின்றன. குவான் இம் ஆலயத்தில் மக்கள் மண்டியிட்டு, குச்சிகள் நிறைந்த மூங்கிற் குவளையைக் குலுக்கி, விழும் குச்சியின் எண்ணைக் கொண்டு தம் வாழ்வின் வினாக்களுக்கு விடை தேடுவர். வெளியே வந்தவர்களிற் பலர் நேரே வீடு திரும்புவதில்லை. கண்ணன் ஆலயத்து வாயிலிலும் நின்று ஊதுபத்தி ஏற்றி வணங்கிவிட்டே செல்கின்றனர். அவர்களுக்கென்றே அங்கு ஊதுபத்திக் கலம் வைக்கப்பட்டிருக்கிறது. நம்மவர் அங்ஙனம் அடுத்த வாயிலுக்குச் செல்கிறார்களா என்று அன்று நான் நெடுநேரம் நின்று பார்த்தேன். சிலர் சென்றனர், மிகச் சிலரே.

அன்று நானும் சென்றேன். குவான் இம் அம்மையார் முன் கைகூப்பி நின்றபோது, சாக்கியமுனி ஆலயத்தில் ஏற்பட்ட தடுமாற்றம் எனக்கு ஏற்படவில்லை. ஒரு தமிழாசிரியன், முன்னோர் சிலர் தமிழின் முதல் ஆசான் என்று போற்றியவர் முன் நிற்கிறான் என்ற எண்ணமே என் உள்ளத்தை நிறைத்தது.

அந்த ஆண்டு இறுதியில் விடுமுறைக்கு ஊர் சென்றேன். நாகப்பட்டினத்திற் பௌத்த விகாரம் இருந்தது என்பதைப் பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்ததுண்டு. இப்போதுதான் அந்த வரியின் பொருளைத் தேடினேன். சிங்கப்பூரைச் சூழ்ந்த இந்தக் கடற்பரப்பை அன்று ஆண்ட ஸ்ரீவிசயப் பேரரசின் மன்னன் சூளாமணிவர்மனின் பெயரால் நாகையில் எழுந்தது சூளாமணி விகாரம். அவன் தொடங்கியதை அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் நிறைவு செய்தான். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அதே இராசராச சோழன், தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டையொட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அந்தப் பௌத்தப் பள்ளிக்கு உரிமையாக்கினான். அதனை உறுதிசெய்த செப்பேடுகளை நாம் ஆனைமங்கலச் செப்பேடுகள் என்றும், நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டமையால் லெய்டன் செப்பேடுகள் என்றும் அழைக்கிறோம். சிவபாதசேகரன் என்று தன்னை அழைத்துக்கொண்ட மன்னன், தன் சமயத்தில் அணுவளவும் தளராமல், கடல் கடந்து வந்தோரின் கோயிலுக்கும் ஓர் ஊரைத் தந்தான்.

அந்த விகாரத்தைச் சேர்ந்ததென்று கருதப்பட்ட பழைய செங்கற் கோபுரம் ஒன்று, புதுவெளிக்கோபுரம் என்ற பெயரோடு, 1867இல் இடிக்கப்படும்வரை நாகையில் நின்றது. 1856 முதலாக அவ்வூர் மண்ணிலிருந்து 350க்கு மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றிற் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அந்த விடுமுறையிற்றான் முதன்முதலாகக் கண்டேன். என் பாட்டனார் நடந்த மண்ணுக்குள் கிடந்தவை அவை. அவற்றைக் காணும் கண்ணைப் பெற நான் சிங்கப்பூர் வரவேண்டியிருந்தது. ஒரு காலத்தில் இந்தப் பகுதியிலிருந்து நம் ஊருக்கு வந்தவர்கள் தமக்கென்று ஒரு கோயில் கட்டிக்கொண்டார்கள். பல நூற்றாண்டுகட்குப் பின் நம்மவர் இங்கு வந்து நமக்கென்று கோயில்கள் கட்டிக்கொண்டோம். அன்று அவர்கள் நாகையில் என்ன உணர்ந்திருப்பார்களோ, அதையே சிராங்கூன் சாலையில் நாம் உணர்கிறோம்.

இங்கே ஒரு முக்கியமான கேள்விக்கு நான் விடை சொல்லியாக வேண்டும். திருமுறை வகுப்பிற் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, நீங்கள் சம்பந்தர் தேவாரம் பாடுகிறவர். பதிகந்தோறும் பத்தாம் பாடல் என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரியாதா? பிறகு எதற்காக அங்கெல்லாம் போகிறீர்கள்?" என்று வினவினார். அவர் சினத்தாற் கேட்கவில்லை. என்மேல் கொண்ட அக்கறையாற் கேட்டார்.

கேள்வி நியாயமானது. ஆளுடைய பிள்ளையாரின் பதிகங்களிற் பெரும்பாலானவற்றில் பத்தாம் பாடல் சமணரையும் சாக்கியரையும் மறுத்துரைக்கிறது. 7ஆம் நூற்றாண்டுத் தமிழகத்திற் கடுமையான சமயப் போராட்டம் நிகழ்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அந்தப் பாடல்களை நான் விட்டுவிட்டுப் பாடுவதில்லை. திருமுறையிற் கத்தரிக்கோல் வைக்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் அவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது, அது அக்காலத்து வாதம், இன்று நம் அண்டை வீட்டாரை நோக்கி எறிவதற்குரிய கல் அன்று என்று சொல்லித்தான் கற்பிக்கிறேன்.

கல் என்றதும் சாக்கிய நாயனார் நினைவிற்கு வருகிறார். சங்கமங்கையிற் பிறந்த அவர், பிறவித் துன்பம் நீங்கும் வழி தேடிக் காஞ்சிக்குச் சென்று பௌத்த நெறியைத் தழுவினார். பின்னர்ச் சிவனருளை உணர்ந்தும் தாம் அணிந்த சாக்கிய ஆடையைக் களையவில்லை. அந்தக் கோலத்திலேயே, நாள்தோறும் உண்பதற்கு முன் ஒரு கல்லை அன்பெனும் மலராகச் சிவலிங்கத்தின்மேல் எறிந்தார். ஒருநாள் மறந்து உண்ணத் தொடங்கியவர், நினைவு வந்ததும் உணவை விட்டு ஓடிச்சென்று எறிந்தார். அவரை நாயன்மார் அறுபத்துமூவருள் ஒருவராக வைத்து, மார்கழிப் பூராடத்திற் குருபூசை செய்கிறது நம் சைவ உலகம். அவருடைய ஆடையைச் சேக்கிழார் பெருமான் மாற்றிக் காட்டவில்லை. பத்தாம் பாடலும் நம்முடையதே. சாக்கிய நாயனாரும் நம்மவரே. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் மரபு முழுமையாகாது. இந்த விடையை அந்தப் பெரியவரிடம் கூறினேன். அவர் முழுதும் ஏற்றுக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். ஆயினும் அடுத்த வாரமும் வழக்கம்போல் என் அருகில் அமர்ந்து பாடினார்.

எல்லாம் ஒன்றுதான் என்று எளிதாகச் சொல்லிவிடவும் நான் விரும்பவில்லை. அது மரியாதை போலத் தோன்றும். உண்மையில் இருவரையும் கேளாமற் போவதாகும். உலகைப் படைத்த இறைவன் என்ற கருத்தைப் புத்தபிரான் தம் நெறிக்கு அடிப்படையாகக் கொள்ளவில்லை. நமக்கோ இறைவனே முதலும் முடிவும். வேறுபாடு உண்டு. வேறுபாட்டை அறிந்து மதிப்பவனே நல்ல அண்டை வீட்டான். உ.வே. சாமிநாத ஐயர் அவர்களை எண்ணிப் பாருங்கள். பழுத்த சைவச் சூழலிற் பயின்ற அப்பெருந்தகை, சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று ஐயம் தீர்த்துக்கொண்டார். மணிமேகலையைப் பதிப்பிக்க, உடன் பணியாற்றிய பேராசிரியர் மளூர் ரங்காசாரியாரிடம் மாணவரைப்போல் அமர்ந்து பௌத்தக் கருத்துகளைக் கேட்டறிந்து, 1898இல் அதனை வெளியிட்டார். அவர் தம் திருநீற்றை இழக்கவில்லை. தமிழ் தன் செல்வத்தை இழக்காமற் காத்தார்.

நாம் வாழும் இந்நாட்டில் இது நூலறிவோடு நிற்கும் செய்தியன்று. 1964ஆம் ஆண்டில் இங்கு நிகழ்ந்த இனக்கலவரங்களை நேரிற் கண்ட பெரியவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அச்சம் ஒரு தெருவிற்குள் எவ்வளவு விரைவாக நுழையும் என்பதை அவர்கள் அறிவர். 1949 முதல் இயங்கிவரும் சமயங்களுக்கிடையிலான அமைப்பு, பல சமயத் தலைவர்களை ஒரே மேடையில் அமர்த்தி வருகிறது. அது தலைவர்கள் செய்யும் பணி. நம்மைப் போன்ற குடும்பத்தார் செய்யவேண்டிய பணி வேறு. அது ஒரு தெருவைக் கடந்து செல்வதுதான்.

சவுத் பிரிட்ஜ் சாலையைப் பாருங்கள். 1827இல் தோன்றிய மாரியம்மன் ஆலயம். அதன் அருகே தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். அதே சாலையில் 2007இல் எழுந்த புத்தர் புனிதப்பல் ஆலயம். தேக்கா வட்டாரத்திலும் அப்படியே. கிந்தா சாலையில் 1875இல் ஒரு பர்மியப் பௌத்த ஆலயம் தொடங்கிற்று. அது இன்று தாய் ஜின் சாலையில் உள்ளது. செயின்ட் மைக்கேல்ஸ் சாலையில், சிங்களப் பெருமக்கள் 1952இல் அமைத்த ஸ்ரீலங்காராமய ஆலயம் இருக்கிறது. இவை யாவும் நம் காலடித் தொலைவிலோ ஒரு பேருந்துப் பயணத்திலோ உள்ளவை.

ஆதலால் மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, பெற்றோர்க்கு. அடுத்த விசாக தினத்தன்று உங்கள் பிள்ளைகளை அருகிலுள்ள ஒரு பௌத்த ஆலயத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். வேடிக்கை பார்க்கச் செல்பவர்போற் செல்லாமல், விருந்தினராகச் செல்லுங்கள். அடக்கமான உடை உடுத்துங்கள். காலணி கழற்றும் இடத்திற் கழற்றுங்கள். திருவுருவத்தை நோக்கிக் கால் நீட்டி அமராதீர்கள். வணங்குவோரின் எதிரே நின்று படம் எடுக்காதீர்கள். வணங்க மனம் வந்தால் வணங்குங்கள். வராவிடில் அமைதியாக நில்லுங்கள். இரண்டுமே மரியாதைதான்.

இரண்டாவது, ஆசிரியர்க்கும் சமய வகுப்பு நடத்துவோர்க்கும். மணிமேகலையைக் கற்பிக்கும்போது அது நம் வீட்டு நூல் என்று சொல்லுங்கள். அந்த வீட்டின் ஓர் அறை இன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் திறந்திருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

மூன்றாவது, மேலாண்மைக் குழுவினர்க்கு. இதனைக் குறையாகக் கொள்ளாமற் கேட்டருள வேண்டுகிறேன். நம் ஆலய வாயிலிற் சீன அன்பர்கள் பலமுறை தயங்கி நிற்பதைக் காண்கிறேன். உள்ளே வரலாமா, காலணியை எங்கே வைப்பது, விபூதியை எந்தக் கையில் வாங்குவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சாக்கியமுனி ஆலயத்தில் என் கைகள் திகைத்தது போலவே அவர்களுடைய கைகளும் திகைக்கின்றன. நாம் அவர்களைக் கடந்து சென்றுவிடுகிறோம். விழா நாள்களில் நம் இளைஞர் இருவரை வாயிலில் நிறுத்தி, வருவோரை அழைத்து விளக்கச் செய்யலாகாதா? அன்னதானத்தின்போது அண்டை அடுக்குமாடிக் குடியிருப்போரையும் அழைக்கலாகாதா? பந்தியில் ஒன்றாக அமர்ந்தோர் எளிதிற் பகைப்பதில்லை.

நிறைவாக ஒன்று. இன்று கலைமகளின் திருநாள். மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி முதலிற் யாரிடமிருந்து வந்தது தெரியுமா? மதுரையில், கலைகளுக்குரிய கோயிலில் வீற்றிருந்த சிந்தாதேவி அதனை ஆபுத்திரனுக்கு அளித்தாள் என்கிறது காப்பியம். அந்தச் சிந்தாதேவியைக் கலைமகளாகவே கொள்வர் அறிஞர். கல்வித் தெய்வம், தன்னிடம் வந்து வணங்கிய ஒருவனுக்குச் சுவடியைத் தரவில்லை. பசித்தோர்க்குச் சோறிடும் பாத்திரத்தைத் தந்தாள். கற்றது பிறர்க்குப் பயன்படாவிடிற் கல்வியன்று என்பதைச் சாத்தனார் இதைவிட எளிமையாக உணர்த்த இயலாது.

அந்த மாணவி இன்று எங்கிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அந்த மூதாட்டியை நான் நேரிற் கண்டதே இல்லை. அவரைத் தேடிச் சென்று நன்றி கூறவேண்டும் என்று எண்ணி எண்ணியே காலம் கடத்திவிட்டேன். அந்தக் கடன் என்னிடம் எஞ்சி நிற்கிறது. உங்கள் முன் இவ்வுரையை ஆற்றுவதன்மூலம் அதிற் சிறிதளவேனும் தீர்க்க முயன்றேன். உங்கள் அண்டை வீட்டிலும் அப்படியொரு மூதாட்டி இருக்கலாம். அவர் இருக்கும்போதே கதவைத் தட்டுங்கள்.

அன்னை பராசக்தியின் அருள் உங்கள் இல்லங்களில் நிறைவதாக!